இரண்டாம் வரிசையில் நடப்பது

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான்கு வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறோம். மார்ச் நடுவில் மூன்று நாள் விடுமுறை வருகிறது, நியூ ஆர்லியன்ஸ் போய்வரலாம் என்று நினைத்தேன். ஆபீஸில் சொன்னதும் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "அது குடிக்கிற ஊர். பர்பன் தெருவில் ராத்திரி முழுக்கக் கூத்து. குடும்பத்தோடு போகிற இடமா அது?" என்றார்கள். என் கணவருக்கும் தயக்கம் வந்துவிட்டது. நாங்கள் யாரும் குடிப்பதில்லை. மகளுக்கு ஆறு வயது. கும்பகோணத்திலிருந்து அத்தை வந்திருக்கிறார். மீன், இறால் சாப்பிடுவார். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொடமாட்டார்.

நீங்கள் முன்பு ஒரு கட்டுரையில் அந்த ஊரைப் பற்றி "சாவு ஊர்வலத்தின் பின்னால் முன்பின் தெரியாதவர்கள்கூட ஆடிக்கொண்டு போகும் ஊர்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது மனதிலேயே நிற்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

க., ஹூஸ்டன்

அன்புள்ள க.,

கட்டாயம் போங்கள். அத்தையையும் மகளையும் அழைத்துக்கொண்டே போங்கள்.

நண்பர்கள் சொன்னதில் பொய் இல்லை. பர்பன் தெரு அப்படித்தான் இருக்கும். அந்த ஊரில் பிளாஸ்டிக் கோப்பையில் மதுவை ஊற்றிக்கொண்டு தெருவில் நடக்கச் சட்டம் இடம் தருகிறது. நான் முதல் தடவை போனபோது இரண்டு இரவுகளையும் அந்தத் தெருவிலேயே கழித்தேன். தலைவலியோடு ஊர் திரும்பி, இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். இரண்டாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ட்ரெமே பகுதியில் நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் ட்ரம்பெட் சத்தம் கேட்டது. அடுத்த மூன்று மணி நேரம் நான் எங்கெங்கே நடந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பெயர் செகண்ட் லைன், இரண்டாம் வரிசை. முதல் வரிசையில் பித்தளை வாத்தியக் குழுவும், அன்றைய ஊர்வலத்தை நடத்தும் சங்கத்துக்காரர்களும் வருவார்கள். ஒரே நிறத்தில் கோட்டு, தொப்பி, காலணி, கையில் இறகு விசிறி. அவர்களுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொண்டு ஆடி நடக்கலாம். அப்படிச் சேர்பவர்கள்தான் இரண்டாம் வரிசை. டிக்கெட் கிடையாது. பாட்டிகள் வருவார்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள் வருவார்கள். கடும் கோடை மாதங்களைத் தவிர அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ ஒரு பேட்டையில் நடக்கும். எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். என்கிற அந்த ஊர்ச் சமூக வானொலி ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடும்.

இதை நடத்தும் சங்கங்களின் கதை முக்கியமானது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்பு விடுதலையான கறுப்பின மக்களுக்கு யாரும் காப்பீடு தரவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு போட்டுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் நோயில் விழுந்தால் மருந்துச் செலவு, இறந்தால் அடக்கச் செலவு. அடக்கத்துக்கு வாத்தியக் குழுவும் சங்கத்தின் பொறுப்புதான். கல்லறைக்குப் போகும்வரை நெஞ்சை அறுக்கிற மாதிரி மெதுவாக வாசிப்பார்கள். உடலுக்கு விடை கொடுத்தபின் மேளம் மாறும். திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டம்தான். பறை முழங்க ஆடி வழியனுப்பும் சாவு வீடுகளைக் கண்டு வளர்ந்த அத்தைக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதற்கு வேர் இன்னும் கீழே இருக்கிறது. 1718ல் பிரெஞ்சுக்காரர்கள் மிசிசிப்பி ஆற்றின் வளைவில் கட்டிய ஊர் இது. பிறகு ஸ்பெயின் ஆண்டது, 1803ல் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. உள்நாட்டுப் போருக்கு முன்பு அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அடிமைச் சந்தை இங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அடிமைகளுக்கு ஓய்வு. அன்று ஊருக்குப் பின்புறம் ஒரு மைதானத்தில் கூடி, கொண்டுவந்ததை விற்று, தங்கள் ஊர் மேளத்தை அடித்து ஆடினார்கள். 1817ல் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் கூடலாம் என்று நகர நிர்வாகம் கட்டுப்படுத்தியது. காங்கோ சதுக்கம் என்று பெயர். இப்போது லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கிறது, பர்பன் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. ஜாஸ் இசையின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். பெரிய மரங்கள், கல் பாவிய தரை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

மார்டி கிரா பற்றி நீங்கள் கேட்கவில்லை. மார்ச் நடுவில் அது முடிந்திருக்கும். ஜனவரி 6ல் தொடங்கி, சாம்பல் புதனுக்கு முந்தைய 'கொழுத்த செவ்வாய்' வரை நடக்கும் திருவிழா. அதன் பெரிய ஊர்வலங்கள் செயின்ட் சார்லஸ் அவென்யூ வழியாகப் போகும். அங்கே ஏணியின் உச்சியில் இருக்கை பொருத்தி, அதில் குழந்தைகளை உட்காரவைத்துக் குடும்பம் குடும்பமாகப் பார்ப்பார்கள்.

உங்களுக்கு வாய்த்திருப்பது அதைவிட அரிதானது. மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாள். அதை ஒட்டிய ஒரு ஞாயிறு, வழக்கமாக மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, 'சூப்பர் சண்டே'. மழை வந்தால் தள்ளிப்போகும், விசாரித்துக்கொள்ளுங்கள். கறுப்பினப் பேட்டைகளின் 'இந்தியர்கள்', அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகளைப் போல வேடம் கட்டும் கறுப்பினத்தவர்கள், அன்று தெருவுக்கு வருவார்கள். தப்பி ஓடிய அடிமைகளுக்கு அடைக்கலம் தந்த பூர்வகுடி மக்களுக்கு நன்றியாக இந்த வேடம் என்று சொல்கிறார்கள். இறகும் மணியும் கோத்த அந்த உடையை ஒருவர் ஆண்டு முழுவதும் தன் கையால் தைக்கிறார். வேலை முடிந்து வீடு வந்து, இரவில் ஊசியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாக. அடுத்த ஆண்டு புதிதாக இன்னொன்று. சில உடைகளின் எடை 45 கிலோவைத் தாண்டும்.

அலிசன் 'டூட்டி' மொன்டானா என்றொரு பெரிய தலைவர் இருந்தார். பிழைப்புக்குக் கட்டட வேலை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேடம் கட்டியவர். முந்தைய தலைமுறைகளில் கும்பல்களாக வெட்டிக்கொண்டிருந்தவர்களை, யார் உடை அழகு என்று போட்டி போட வைத்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். 2005ம் ஆண்டு சூசையப்பர் இரவில் போலீஸ் இந்தியர்களை விரட்டிக் கலைத்தது. அதைப் பற்றி ஜூன் 27 அன்று நகர மன்றத்தில் விசாரணை. 82 வயது மொன்டானா ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோனார். இரண்டு மாதத்தில் கத்ரீனா புயல் வந்தது.

ஆகஸ்ட் 29. கரைகள் உடைந்து நகரத்தில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உங்கள் ஹூஸ்டனுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. உங்கள் தெருவிலேயேகூட அவர்களில் யாராவது இருக்கலாம், பேசிப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து, 2006 பிப்ரவரியில் மார்டி கிரா வந்தபோது, இத்தனை சாவுக்குப் பிறகு கொண்டாட்டமா என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். ஊர் கொண்டாடியது. அது சரி என்பதே என் கட்சி. வீடு போனவர்கள் அந்த ஒரு நாளுக்காக எங்கெங்கிருந்தோ ஊருக்கு வந்தார்கள். ஊர் என்று ஒன்று இன்னும் இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது?

சரி, சாப்பாடு. அத்தைக்கு முதல் இடம் கஃபே டு மோந்த், 1862லிருந்து இருக்கும் கடை. பால் சேர்த்த சிக்கரி காப்பி, கூட மாவுச்சர்க்கரை மலைபோல் கொட்டிய சூடான பெனியே என்கிற பொரித்த மாவுப் பண்டம். நம் பில்டர் காப்பித் தூளில் கலக்கும் அதே சிக்கரிதான். உள்நாட்டுப் போரில் துறைமுகம் முற்றுகையிடப்பட்டு காப்பிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிடித்த பழக்கம் என்கிறார்கள். டிகிரி காப்பி ஊர்க்காரர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அப்புறம் கம்போ, அந்த ஊர்க் குழம்பு. ஆப்பிரிக்க பான்ட்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள பெயரிலிருந்து வந்த சொல். கொழுப்பில் மாவைப் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக் கிளறி, சாக்லெட் நிறம் வரும்வரை வறுப்பார்கள். அது பிரெஞ்சுக்காரர் பழக்கம். அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய். கொழகொழப்புக்கு வெண்டைக்காய்; சிலர் அதற்குப் பதிலாக, சொக்டாவ் பூர்வகுடிகள் சொல்லிக்கொடுத்த சாசஃப்ராஸ் இலைப்பொடி போடுவார்கள். சோற்றில் ஊற்றித்தான் சாப்பிட வேண்டும். கவனம்: இறால் கம்போ என்று எழுதியிருந்தாலும் உள்ளே பன்றித் தொத்திறைச்சி கிடக்கலாம். திங்கட்கிழமைக்கென்றே இருக்கும் சிவப்பு பீன்ஸ் சோறும் அப்படித்தான், பெரும்பாலும் பன்றி எலும்போடு வெந்திருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள். இறால் வறுத்து வைத்த போ பாய் ரொட்டி அத்தைக்குப் பயமில்லாமல் பிடிக்கும். 1929ல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு கண்டக்டர்களாக இருந்த மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையிலிருந்து இலவசமாகக் கொடுத்த சாப்பாடு அது. 'பாவம், ஒரு பையன் வருகிறான்' என்று சொல்லிக் கொடுத்ததால் அந்தப் பெயர் (ஆங்கிலத்தில் 'புவர் பாய்') என்பார்கள்.

ஒரு வேளை மட்டும் செலவு பார்க்காமல் டூக்கி சேஸ் உணவகத்துக்குப் போங்கள். 1941லிருந்து இருக்கிறது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் சாப்பிடுவது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், மாடி அறையில் இரு நிறத்துச் சம உரிமைப் போராளிகளையும் சேர்த்து உட்காரவைத்துச் சோறு போட்டார் லியா சேஸ். தொண்ணூறு வயது தாண்டியும் அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தார். 2019ல், 96 வயதில் மறைந்தார்.

இரவுக்கு பிரிசர்வேஷன் ஹால். 1961லிருந்து நடக்கும் சின்ன ஜாஸ் கூடம். குழந்தைகளை அழைத்துப்போகலாம், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மர பெஞ்சில் வாசிப்பவரின் மூச்சு கேட்கும் தூரத்தில் உட்காருவீர்கள். முன்பதிவு செய்துவிடுங்கள்.

மகளுக்கு ஒன்று. அந்த ஊரில் வில்லியம் ஃபிரான்ட்ஸ் என்று ஒரு பள்ளிக்கூடம். 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுச் சிறுமி அதற்குள் நடந்து போனாள். வெள்ளைக் குழந்தைகள் மட்டும் படித்த அந்தப் பள்ளிக்குப் போன முதல் கறுப்பினக் குழந்தை. வெளியே கூட்டம் கத்தியது, மத்திய அரசின் காவலர்கள் சுற்றி நடந்தார்கள். மற்ற பெற்றோர்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஓர் ஆசிரியை அந்த ஒரு குழந்தைக்காக மட்டும் ஆண்டு முழுக்கப் பாடம் நடத்தினார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. உங்கள் மகளுக்கும் ஆறு வயது, அதனால் சொல்கிறேன். வாசலில் நின்று கதையைச் சொல்லுங்கள்.

காரில் பையை வெளியே தெரியும்படி வைத்துவிட்டு இறங்காதீர்கள், இருட்டிய பின் ஆளில்லாத தெருக்களில் நடக்காதீர்கள். ஊர்வலத்தில் தண்ணீர் விற்பவர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் கொடுக்கச் சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். இந்தியர்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் அவர்கள் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள், உடையைத் தொடாதீர்கள். நாலு மணி நேரம் நடக்கவேண்டியிருக்கும். அத்தைக்கு முடியாவிட்டால் முதல் தெருவோடு நின்றுகொள்ளலாம். யாராவது ஒருவர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் அவருக்கும் ஒன்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா