வைட்டமின் ஈ போட்டா அம்மாவுக்கு ஏஎல்பி (பித்தம் தேங்குனா ரத்தத்துல ஏறுற கல்லீரல் என்சைம்) குறையுமா?

குறையாது. அம்மாவுக்கு இருக்குற பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ்ல உடம்போட எதிர்ப்பு சக்தியே கல்லீரலோட சின்ன பித்தக் குழாய்களத் தாக்கும், அதனால பித்தம் தேங்குறதுதான் ஏஎல்பி ஏறக் காரணம், ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ் (ஃப்ரீ ரேடிக்கல்ங்கிற கேடு செய்யுற மூலக்கூறு பெருகி செல்லக் கெடுக்குறது) அதுக்கு அப்புறம் வர்றது.

நீங்க படிச்சது சரிதான், தேங்குன பித்த அமிலம் கல்லீரல் செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவ கெடுக்கும், அங்கேருந்து ஃப்ரீ ரேடிக்கல் கிளம்பும், அதை அடக்குற குளுட்டாதயோன் குறைஞ்சுக்கிட்டே வரும், நாளாக ஆக திசு தழும்பாகும். ஆனா இதே நோயில சோர்வுக்கு ஆன்டிஆக்சிடன்ட் (ஃப்ரீ ரேடிக்கல அடக்குற பொருள், வைட்டமின் ஈ மாதிரி) குடுத்து டம்மி மாத்திரையோட ஒப்பிட்டுப் பாத்த ஆய்வு 2003ல வந்துச்சு, பலன் தெரியல.

எனக்கு சந்தேகம் இந்த நோய்க்குக் குடுக்குற முக்கிய மாத்திரையான யூடிசிஏவோட டோஸ் மேலதான். கிலோவுக்கு தினம் 13-15 மி.கி. வேணும். அம்மா 60 கிலோன்னா 780-900. நீங்க சொன்ன 300 ரெண்டு வேளை பத்தாது. அரிப்புக்கு கொலஸ்டைரமின் பவுடர் குடுக்குறீங்கன்னீங்களே, ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா பவுடர் மாத்திரையப் பிடிச்சு வச்சுக்கும், குறைஞ்சது 4 மணி நேரம் இடைவெளி விடுங்க.

டாக்டர்கிட்ட இந்த ரெண்டையும் கேளுங்க, கூடவே வைட்டமின் ஏ, டி, ஈ அளவும் ஐஎன்ஆரும் (ரத்தம் உறையுற நேரத்தப் பாக்குற டெஸ்ட், வைட்டமின் கே குறைஞ்சா ஏறும்) பாக்கச் சொல்லுங்க. பித்தம் குடலுக்குப் போகலன்னா கொழுப்புல கரையுற வைட்டமின் உடம்புல சேராது. கொலஸ்ட்ரால் ஏறியிருந்தா ஈ குறைவா இருந்தாலும் ரிப்போர்ட்ல நார்மல்னு காட்டும், அதனால லிப்பிடோட (ரத்தக் கொழுப்போட) விகிதம் போட்டுத்தான் பாக்கணும்.

குறை இருந்தா ஈ அவசியம், அது வேற விஷயம். நீங்களா அதிக டோஸ்ல ஆரம்பிக்காதீங்க, வைட்டமின் கே ஏற்கனவே குறைவா இருந்தா ரத்தக்கசிவு ஆகலாம். கிரீன் டீ சாறு மாத்திரை வேண்டவே வேண்டாம், அதுவே சிலருக்கு கல்லீரலைக் கெடுத்திருக்கு.