இரைச்சல் நிற்கும் இடத்தில் காது வையுங்கள்

கேள்வி: கர்நாடக இசையும் திரையிசையும் கேட்டு வளர்ந்தவன் நான். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். அலுவலகம் போகும் பஸ்ஸில் இயர்பட் மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். ஆலைக்குள் தலையை விட்டதுபோல ஒரே இரைச்சல். மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். இது பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை. ஆனால் ஒழுங்காகக் கேட்டுவிட்டுத்தான் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இதை எப்படிக் கேட்பது?

பதில்: உங்கள் காதில் கோளாறு இல்லை, பஸ்ஸில்தான் கோளாறு. அந்தக் குழுவை நடத்தும் பாடகர் ட்ரென்ட் ரெஸ்னர் 1994 மார்ச் 8 அன்று வெளியிட்ட இந்த ஆல்பத்தில் உரத்த பகுதிகள் எவ்வளவு உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு மெல்லிய பகுதிகளும் உண்டு. முணுமுணுப்பாக ஒலிக்கும் குரல், தனித்து விடப்பட்ட பியானோ, தொலைவில் காற்று சீறுவது போன்ற ஒலி. பஸ் இன்ஜினின் உறுமல் இவை அத்தனையையும் விழுங்கிவிடும். மிஞ்சுவது உரத்த பாதி மட்டும். அதை மட்டும் கேட்டால் உங்கள் நண்பருக்கே தலைவலி வரும்.

நான் சொல்லப்போவது பெரிய வித்தை எதுவும் இல்லை. இரைச்சலுக்குள் புகுந்து மெட்டைத் தேட வேண்டாம். இரைச்சல் எந்த நொடியில் நிற்கிறது, நின்றதும் எது மிஞ்சுகிறது என்று மட்டும் கவனியுங்கள். ரெஸ்னரும் அவருடன் சேர்ந்து ஆல்பத்தைத் தயாரித்த ஃப்ளட் என்பவரும் அந்த இடங்களில்தான் தங்கள் உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள்.

கேட்பதற்கு முன் சில ஏற்பாடுகள். இரவில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்பியுள்ள ஹெட்போனில் கேளுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை, காதை மூடினால் போதும். செயலியில் பாடல்களை மாற்றி மாற்றிப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் குழைத்துத் தரும் வசதி ஒன்று உண்டு. அதையும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் இந்த ஆல்பத்தின் பாதி அழகு பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விழும் வெட்டில் இருக்கிறது. எல்லாப் பாடல்களையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு, ஈக்வலைசர், பாஸைக் கூட்டும் பொத்தான் ஆகியவற்றுக்கும் விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

ஒலியளவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முதல் பாட்டான 'மிஸ்டர் செல்ஃப் டிஸ்ட்ரக்ட்' முழு வேகத்தில் ஓடும்போது, 'கொஞ்சம் அதிகம், ஆனால் தாங்கலாம்' என்ற அளவில் வையுங்கள். பிறகு 65 நிமிடமும் தொடாதீர்கள். சத்தம் திடீரென்று அடங்கும், குரல் கிசுகிசுப்பாகும், கை தானாகவே ஒலியளவைக் கூட்டப் போகும். கூட்டினால் அடுத்த சில நொடிகளில் காது பழுத்துவிடும்.

இன்னொன்று. ஒருவன் படிப்படியாகத் தன்னையே அழித்துக்கொள்வதுதான் இந்த ஆல்பத்தின் கதை, தற்கொலை வரை போகிறது. மனம் சரியில்லாத வாரத்தில் இதைத் தொடாதீர்கள், ஆல்பம் எங்கும் ஓடிவிடாது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கரில் போடவும் வேண்டாம். ஐந்தாவது பாட்டின் பல்லவிக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது முதல் பாட்டு. தொடக்கத்தில் 'தொம், தொம்' என்று ஏதோ விழும் ஓசை கேட்கும். அது டிரம் இல்லை. ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1971இல் வந்த 'டிஎச்எக்ஸ் 1138' படத்தில் ஒரு மனிதனை அடிக்கும் காட்சியிலிருந்து எடுத்த ஒலி. அடி வேகமெடுத்து, பாட்டு வெடிக்கிறது. கிதார் எங்கே என்று தேடுவீர்கள். இருக்கிறது, ஏட்ரியன் பெலு என்ற கைதேர்ந்த கிதார் கலைஞரே இந்தப் பாட்டில் வாசித்திருக்கிறார். ஆனால் இந்த ஆல்பம் முழுவதும் கிதார் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தி, நறுக்கி, மென்பொருளில் போட்டுப் பிசைந்து, அடையாளம் தெரியாமல் ஆக்கியிருக்கிறார்கள். அதனால் 'இது என்ன வாத்தியம்' என்ற கேள்வியை இங்கே விட்டுவிடுவது நல்லது. 'இது இடப்பக்கமா, வலப்பக்கமா? அருகிலா, தொலைவிலா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள், உடனே பயன் தெரியும்.

பாதியில் எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் மிக அருகில் வருகிறது. மறுபடியும் தாக்குதல். கடைசியில் இரைச்சலின் ஒரு துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி ஓடி, பொறுமை போகும் நேரத்தில் சட்டென்று அறுந்துபோகிறது. அடுத்த நொடி 'பிக்கி' தொடங்குகிறது. மெதுவான டிரம், தாழ்ந்த பாஸ், தூக்கத்தில் பேசுவது போன்ற குரல். இந்த ஒரு வெட்டை மட்டும் இரண்டு மூன்று முறை கேளுங்கள். முதல் பாட்டு உங்கள் காதை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததால்தான் இரண்டாவது பாட்டின் மென்மை இவ்வளவு பக்கத்தில் வந்து உட்காருகிறது. பஸ்ஸில் உங்களுக்கு இது கிடைத்திருக்க வழியில்லை.

'பிக்கி'யின் முடிவில் ஒரு டிரம் வாசிப்பு தறிகெட்டு ஓடும். ஆல்பத்தில் ரெஸ்னர் தாமே உட்கார்ந்து கையால் டிரம் அடித்த ஒரே இடம் அது. இயந்திரத் தாளம் தன்பாட்டுக்குச் சீராக நடந்துகொண்டிருக்க, மனிதக் கை அதன் மேல் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைத் திருத்தாமல் அப்படியே விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்றாவது பாட்டை இப்போதைக்குக் கடந்து போங்கள். நான்காவது, 'மார்ச் ஆஃப் தி பிக்ஸ்', உங்களுக்காகவே செய்ததுபோல இருக்கும். மூன்று நிமிடம்கூட இல்லை. தாளம் ஏழு, ஏழு, ஏழு, எட்டு என்று போகிறது. மொத்தம் 29 எண்ணிக்கை, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. 'தகிட தகதிமி' என்று மூன்று முறை சொல்லி, நான்காவது முறை 'தகதிமி தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். அழுத்தம் எந்த எழுத்தில் விழுகிறது என்று கவலைப்பட வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். நிமிடத்துக்குச் சுமார் 270 துடிப்பு என்பதால் நாக்கு சுளுக்கும். கையால் தொடையில் தட்டுவது எளிது. மேற்கத்திய ராக் கேட்டுப் பழகியவர்கள் நான்கு நான்காக எண்ணிக்கொண்டு போய் இங்கே தடுக்கி விழுவார்கள். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாப்பு கேட்ட காது உங்களுடையது, ஏழு உங்களை மிரட்டாது. எட்டாக நீளும் அந்த நான்காவது சுற்றுதான் ஒவ்வொரு முறையும் கால் வைக்க இடம் கொடுக்கிறது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நின்று, பியானோவும் குரலும் மட்டும் மிஞ்சும். ஏதோ இனிமையான பாட்டு தப்பித்தவறி உள்ளே வந்துவிட்டதுபோல இருக்கும். அந்த இனிமையில் ஒரு நக்கல் உண்டு.

ஐந்தாவது பாட்டான 'க்ளோசர்' இந்த ஆல்பத்தின் புகழ்பெற்ற பாட்டு. அதன் கனத்த டிரம் அடி, ராக் பாடகர் இகி பாப் 1977இல் வெளியிட்ட 'நைட்க்ளப்பிங்' பாட்டிலிருந்து எடுத்து உருமாற்றியது. எல்லோரும் வரிகளைப் பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் குரல் ஓய்ந்த பிறகு வரும் கடைசி இரண்டு நிமிடத்தைத் தனியாக எடுத்துக் கேளுங்கள். அடிப்படைத் தாளம் மாறவே மாறாது. அதன் மேல் ஒவ்வொரு அடுக்காக ஏறும். ஒரு சிந்தசைசர் வரி, அதற்கு எதிராக இன்னொன்று, மேலே உராயும் ஏதோ ஒன்று. ஒரு முறைக்கு ஓர் அடுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். இதன் ஒலிக்கலவையில் புதிது ஏற ஏறப் பழையது காணாமல் போவதில்லை. எல்லாம் ஏறி முடிந்த பிறகு அத்தனையும் விழுந்து, மெல்லக் கீழிறங்கும் ஒரு சிறு மெட்டு மட்டும் தனித்து நிற்கும். அதை முணுமுணுக்கும் அளவுக்கு மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்த மூன்று பாடல்களை முதல் முறை ஆராய வேண்டாம், ஓடவிடுங்கள். 'தி பிகமிங்'கில் பின்னணியில் கூட்டத்தின் அலறல் சுழன்றுகொண்டிருக்கும்போது நடுவே சாதாரண மரக் கிதார் ஒன்று வருவதை மட்டும் தவறவிடாதீர்கள். ஒன்பதாவது பாட்டு, 'பிக் மேன் வித் எ கன்', ஒன்றரை நிமிடச் சொச்சம்தான். தனியாகப் பார்த்தால் ஆல்பத்தின் பலவீனமான பாட்டு என்பது என் கருத்து. ஆனால் அதற்குப் பின்னால் 'எ வார்ம் ப்ளேஸ்' வருகிறது. சொற்களே இல்லாத, மெதுவாக விரியும் வாத்திய இசை. ஒன்பதாவது பாட்டின் மூர்க்கம் இல்லாவிட்டால் இது வெறும் பின்னணி இசையாகப் போயிருக்கும். 'ரெப்டைல்' ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இயந்திர ஒலிகளே அதில் தாளமாகின்றன. உங்கள் ஆலை உண்மையில் இங்கேதான் இருக்கிறது, வேண்டுமானால் சுற்றிப் பாருங்கள்.

பதின்மூன்றாவது, ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாட்டு. 'க்ளோசர்' முடிவில் நீங்கள் மனத்தில் வாங்கிய மெட்டு இங்கே கிதாரில் திரும்பி வருகிறது. கதையின் மிகக் கொடிய கட்டம் இது. வேறு யாராக இருந்தாலும் இங்கே அலறலை உச்சத்தில் வைத்திருப்பார்கள். ரெஸ்னர் அதைப் பல அடுக்குகளுக்குக் கீழே புதைத்துவிட்டு, கிசுகிசுப்பை முன்னால் வைக்கிறார். ஹெட்போன் இல்லாமல் அந்த அலறல் இருப்பதே தெரியாது. பிறகு 'ஹர்ட்'. அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஜானி கேஷ் 2002இல் பாடிய வடிவம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதில் கிதார் இசைவாக, தெளிவாக இருக்கும். மூலத்தில் கிதாரில் ஒரு சுரம் வேண்டுமென்றே ஒட்டாமல் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அடியில் சீறலும் ஓயவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். பெரிய கிதார் அடி ஒன்று விழுந்து, அதன் பிறகும் ஒலி நெடுநேரம் தேய்ந்துகொண்டே போகும்.

இந்த ஆல்பத்தை 'இண்டஸ்ட்ரியல்', அதாவது ஆலை இரைச்சல் போன்ற ஒலிகளால் கட்டும் இசை என்ற வகையில் சேர்ப்பார்கள். இது உண்மையான இண்டஸ்ட்ரியல் இசையே இல்லை என்று உங்களிடம் யாராவது வாதாடலாம். லண்டனில் த்ராபிங் க்ரிஸில் குழு 1976இல் இண்டஸ்ட்ரியல் ரெகார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது மனத்தில் வைத்திருந்தது இதைவிடக் கரடுமுரடானது என்பது சரிதான். ரெஸ்னர் அடிப்படையில் நல்ல பாட்டு கட்டத் தெரிந்தவர், பல்லவியை மறைக்கத் தெரியாதவர். புதிதாக வருபவருக்கு அது வசதி. அதேபோல, ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவானது லாஸ் ஏஞ்சலிஸில் 1969இல் நடிகை ஷேரன் டேட் கொல்லப்பட்ட வீட்டில் என்பதையும் யாராவது குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒலியைப் புரிந்துகொள்ள அது எந்த விதத்திலும் உதவாது.

முழுவதையும் ஒருமுறை கேட்ட பிறகு மறுநாளே திரும்பப் போடாதீர்கள், சில நாள் இடைவெளி விடுங்கள். அடுத்த முறை, கடந்து போகச் சொன்ன மூன்றாவது பாட்டையும் நடுவில் ஓடவிட்ட மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். பத்தாண்டு நிறைவை ஒட்டி 2004இல் வந்த பதிப்பில் அறையைச் சுற்றி வைத்த பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 சரவுண்ட் ஒலிக்கலவையும் உண்டு. நண்பரிடம் அந்தத் தட்டும் ஹோம் தியேட்டரும் இருந்தால், ஸ்டீரியோவில் பழகிய பிறகு அங்கே போய்க் கேளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடந்த அடுக்குகள் அறையின் நான்கு பக்கமும் விலகி நிற்கும், எது எங்கிருந்து வருகிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம். தாக்கம் என்னவோ ஸ்டீரியோவில்தான் அதிகம் என்பேன். நேரம் குறைவாக இருந்தால் 'க்ளோசர்' கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் போடச் சொல்லுங்கள்.