காணாமல் போன விமானியின் நிலத்தைப் பங்கு போடலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் என் பெரியப்பா சொந்தமாக வாங்கிய இரண்டு ஏக்கர் இருக்கிறது. விமானப்படை பைலட்டான அவர் 1971 டிசம்பர் போரில் மேற்கு எல்லைக்குப் பறந்தவர், திரும்பவில்லை. கல்யாணம் ஆகாதவர். தாத்தா முன்பே இறந்துவிட்டார். பாட்டி 1998-லும் அப்பா 2010-லும் போய்விட்டார்கள். வில்லேஜ் ஆபீஸில் இறப்புச் சான்று கேட்கிறார்கள். அத்தையோ, "அண்ணன் பிடிபட்டிருப்பான். செத்துட்டான்னு நாமே எழுதிக் கொடுத்தா அரசாங்கம் தேடுறதை விட்டுடும்" என்று மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: அத்தை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் 1949-ன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையை இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே ஏற்றவை. அதன்படி, பிடிபட்டவரை, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். சண்டை நின்றதும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும். ஆனாலும் 54 படையினர் அங்கே இருப்பதாக நம் அரசு கேட்டுவந்திருக்கிறது; பாகிஸ்தான் இல்லை என்கிறது. 2007-ல் சில குடும்பத்தார் அங்குள்ள சிறைகளுக்கே போய்ப் பார்த்தும் யாரும் கிடைக்கவில்லை.

அவர் இறந்ததாகக் கருதலாம் என்று நீங்கள் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினாலும் அந்தக் கோரிக்கை செத்துவிடாது. ஏழு வருடம் தகவல் இல்லாதவர் இறந்ததாகக் கொள்வது வெறும் அனுமானம்தான் (பழைய சாட்சியச் சட்டம் 108, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 111). உயிரோடு இருப்பதற்குச் சான்று வந்தால் அது உடைந்துவிடும். போரில் இறந்தார் என்று மனுவில் எழுத வேண்டாம். தகவல் இல்லை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த அனுமானம் இறந்த தேதியைச் சொல்லாது. தேதியைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2004-ல் எல்ஐசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியப்பா பாட்டி காலத்திலேயே இறந்தார் என்றால், இந்து வாரிசுச் சட்டப்படி நிலம் பாட்டிக்குப் போய், அவர் வழியாக அத்தைக்குப் பாதி, உங்கள் அப்பாவின் வாரிசுகளுக்குப் பாதி. 2010-க்குப் பிறகுதான் இறந்தார் என்றால் உயிரோடிருக்கும் தங்கைக்கே முழுவதும். அண்ணன் தம்பி பிள்ளைகள் அவருக்குப் பின்னால்தான் வருவார்கள்.

அதனால் பாட்டியின் பெட்டியைப் பாருங்கள். விமானப்படையிலிருந்து வந்த தந்தி, 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்ற கடிதம், பாட்டிக்குப் பென்ஷன் தொடங்கிய உத்தரவு எது கிடைத்தாலும் தேதிக்கு உதவும். இல்லாவிட்டால் விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பாலக்காட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும். அப்புறம் உங்கள் தாலுகாவின் சித்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்து சிவில் வழக்குப் போடுங்கள். அதற்கு முன்பே அத்தையிடம் உட்கார்ந்து பேசி, பாதிப் பாதி என்று ஒப்புக்கொண்டால் அதை வழக்கிலேயே சமரச மனுவாகப் பதிந்துவிடலாம்.