ஹைஸ்கூல்ல ஜர்னலிசம் கிளாஸ் எடுத்தா ஏதாவது பிரயோஜனம் இருக்கா?

நீங்க கேட்டிருக்க விதத்தைப் பார்த்தா வீட்ல யாரோ "அதைப் படிச்சு என்ன கிழிக்கப் போற"ன்னு கேட்டிருக்காங்க போல. எங்க வீட்லயும் இதே வசனம்தான். நான் இப்ப பத்திரிகையில எல்லாம் இல்ல, கணக்கு எழுதுற வேலை, அதனால "உன் பொழப்பு அது, நீ அப்படித்தான் சொல்லுவ"ன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

கிளாஸ்ல முதல்ல சொல்லித் தர்றது, ஒரு செய்தியில இருக்க வேண்டிய யார், என்ன, எப்போ, எங்க, ஏன், எப்படி. முக்கியமானதை மேல வை, இடம் பத்தலைன்னா கீழேருந்து வெட்டு, இதுக்குப் பேரு தலைகீழ் பிரமிடு. இதெல்லாம் ரெண்டு வாரத்துல வந்துடும், இதுக்காகக் கிளாஸுக்குப் போகணும்னு இல்ல.

ஸ்கூல் பத்திரிகைக்கு நான் எழுதின முதல் செய்தி, லஞ்ச் டைம்ல லைப்ரரி பூட்டியே கிடக்குதுன்னு. லைப்ரரியனுக்கு சோம்பேறித்தனம்னு பசங்க சொன்னதை அப்படியே போட்டு, "மாணவர்கள் கொந்தளிப்பு"ன்னு தலைப்பும் வச்சு கொண்டு போனேன். மேடம் கொந்தளிப்பைச் சிவப்புப் பேனால வட்டம் போட்டுட்டு கேட்டாங்க, "எத்தனை பேர் கொந்தளிச்சாங்க?" ஆறு பேர் மேடம். "அதுல உன் பெஞ்ச் எத்தனை?" அஞ்சு. கிளாஸே சிரிச்சுது. "சரி, லைப்ரரியன் என்ன சொன்னாங்க?" அவங்ககிட்ட நான் கேட்கவே இல்லையே.

போய்க் கேட்டேன். அவங்க ஒண்ணும் பேசல, பீரோ கதவைத் திறந்து உள்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டியிருந்த டியூட்டி சார்ட்டைக் காட்டினாங்க. லஞ்ச் டைம்ல சின்னப் பசங்களைப் பார்த்துக்கிற டியூட்டி, அஞ்சு நாளும் அவங்க பேருதான். மாத்திக் கொடுங்கன்னு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்க பேர் போட்டு எழுதலாமான்னு கேட்டேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எழுது, நான் சொன்னதை மட்டும் எழுது"ன்னாங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டினப்ப அவங்க இனிஷியலையே தப்பா எழுதியிருந்தேன், என் பேனாவை வாங்கி அவங்களே திருத்தினாங்க. அன்னிக்கு காது எப்படிச் சிவந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

செய்தி வந்துச்சு, டியூட்டி சார்ட் பாரா மட்டும் வரல. தலைமையாசிரியர் எடுத்துட்டாராம். அதைக் கடைசியில வச்சது என் தப்புன்னு ரொம்ப நாள் நினைச்சேன், மேல வச்சிருந்தா மொத்தச் செய்தியுமே போயிருக்கும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அமெரிக்காவுல ஹேசல்வுட் கேஸ்னு ஒண்ணு இருக்கு, 1983-ல ஒரு ஹைஸ்கூல் பிரின்சிபால் மாணவர் பத்திரிகையில ரெண்டு பக்கத்தையே தூக்கிட்டார், பொண்ணுங்க மூணு பேர் கோர்ட்டுக்குப் போய், 1988-ல சுப்ரீம் கோர்ட் 5-3-ன்னு ஸ்கூல் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அதைப் படிச்சப்ப, எனக்கு போனது ஒரு பாராதானேன்னு ஒரு அல்ப சந்தோஷம்.

எடுங்க, ஆனா ஒண்ணு, அந்தக் கேள்வி கேட்கிற வியாதி ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் போகாது. ஒரு வருஷம் ஆபீஸ்ல மேனேஜர் கூப்பிட்டு, "உங்களைப் பத்தி எல்லாருமே கம்ப்ளெயின்ட் பண்றாங்க"ன்னார். வாய் சும்மா இருக்குமா, எத்தனை பேர் சார்னு கேட்டுட்டேன். விரலை மடக்கிப் பார்த்துட்டு, ஒருத்தர்னார். அந்த வருஷம் இன்க்ரிமென்ட் வராதது எனக்கு மட்டும்தான், அதையும் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன்.