ஆரால் யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி: எங்கள் வாய்க்காலில் கிடைக்கிற ஆராலும் விலாங்கும் ஒரே குடும்பம்தானே? இரண்டும் பாம்பு மாதிரி நீளம், இரண்டும் சேற்றுக்குள் புகுந்துகொள்ளும். இல்லவே இல்லை என்கிறான் என் மச்சான். (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: மச்சான் பக்கம்தான் நியாயம். அடுத்த முறை ஆரால் வாங்கினால், குழம்புக்கு அறுப்பதற்கு முன்னால் அதன் முதுகை வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள், மெதுவாக. குட்டிக் குட்டி முள் தனித்தனியாக, வரிசையாக எழுந்து குத்தும். மூக்கு நுனியில் சதையாகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். விலாங்கில் இந்த இரண்டும் கிடையாது. முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றிக்கொண்டு வயிற்றுப்பக்கம் வரை ஒரே நாடாவாக ஓடும்.

அந்த முள் அற்ப விஷயமில்லை. துடுப்பில் முள் உள்ள மீன்கள் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது, ஆரால் அதைச் சேர்ந்தது. ஒரே மரபணுவைப் பல மீன்களிலிருந்து எடுத்து, எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்தி, எந்தெந்த மாற்றம் யார் யாருக்குப் பொது என்று பார்த்தபோதும் ஆரால் போய் நின்றது விராலும் பனையேறிக் கெண்டையும் இருக்கிற கிளைக்குப் பக்கத்தில்தான். விலாங்கு அந்தப் பக்கமே இல்லை. அது வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன வேறு கிளை, முட்டையிடக் கடலுக்குப் போகிற கிளை. அதன் குஞ்சு முதலில் இலை மாதிரி தட்டையாக, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற உடம்போடு கடலில் மிதக்கும். இதே இலைக்குஞ்சு டார்ப்பன் என்கிற மீனுக்கும் உண்டு, இரண்டும் தூரத்துச் சொந்தம். ஆனால் வளர்ந்த டார்ப்பன் பெரிய பெரிய செதிலோடு பளபளவென்று இருக்கும், விலாங்குக்கு உறவு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நீள உடம்பு சேற்றிலும் பொந்திலும் பிழைக்க வசதி. அதனால் அது பல கிளைகளில் தனித்தனியாக வந்திருக்கிறது. பிழைப்புக்காக வந்த உருவத்தை வைத்து உறவு பேசினால் ஏமாந்துதான் போவோம்.

கேள்வி: கோடியக்கரைக்கு வருகிற பூநாரைக்கு நெருங்கிய உறவு கொக்கா, நாரையா? (வேதாரண்யம் வாசகி)

பதில்: இரண்டும் இல்லை, முக்குளிப்பான்! ஆள் நிழல் பட்டாலே முங்கி, குளத்தின் இன்னொரு மூலையில் எழுமே, அந்தக் கையடக்கப் பறவை. நீளக் காலும் நீளக் கழுத்தும் ஆழமில்லாத தண்ணீரில் நின்று மேய்வதற்கு, அவ்வளவுதான். 2001-ல் மரபணு ஆய்வு இந்த ஜோடியைச் சொன்னபோது கேட்டவர்கள் சிரித்திருந்தாலும் தப்பில்லை. 2004-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பறவை ஆய்வாளர் கெரால்ட் மாயர் உடலமைப்பிலேயே இரண்டுக்கும் பொதுவான கூறுகளை எடுத்துக் காட்டினார்: கழுத்தெலும்புகளின் அமைப்பு, முட்டை ஓட்டின் மேல் சுண்ணாம்பு பூசியது போன்ற படலம், இன்னும் சில. 2014-ல் 48 பறவைகளின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டபோதும் இந்த ஜோடி பிரியவில்லை.

கேள்வி: அப்படியானால் டி.என்.ஏ. மட்டும் போதாதா? எலும்பும் பல்லும் எதற்கு? (கல்லூரி மாணவி, மயிலாடுதுறை)

பதில்: போதாதும்மா. செத்துப்போன உயிரின் டி.என்.ஏ. கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துவிடும். இதுவரை படித்தறிந்ததில் மிகப் பழையது கிரீன்லாந்து மண்ணில் கிடைத்தது, சுமார் 20 லட்சம் வருடம். திமிங்கிலத்தின் முன்னோர்கள் நடந்து திரிந்தது 4.7 கோடி வருடத்துக்கு முன்னால். அங்கே எலும்புதான் சாட்சி. திமிங்கிலக் கதையே இதற்கு நல்ல உதாரணம். பல்லை வைத்து, அழிந்துபோன ஒரு குளம்புள்ள ஊனுண்ணிக் கூட்டத்தோடு அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 1990-களில் மரபணு ஆய்வுகள் நீர்யானையைக் கை காட்டின, தொல்லுயிர் ஆய்வாளர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. பாகிஸ்தானில் கிடைத்த, காலுள்ள ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பைப் பற்றி 2001-ல் ஆய்வறிக்கைகள் வந்தன. இரண்டு முனையும் கப்பி மாதிரி பள்ளம் விழுந்த எலும்பு, ஆடு, மாடு, மான், நீர்யானைக்கு இருக்கிற அதே எலும்பு. வழக்கு முடிந்தது. முன்பு ஏமாற்றியதும் உடலமைப்புதான், தீர்த்துவைத்ததும் அதுதான், எந்த உறுப்பைப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம்.

கேள்வி: வயலில் நெல்லோடு நெல்லாக நிற்கிற குதிரைவாலிப் புல் நெல்லுக்கு என்ன முறை? (மன்னார்குடி விவசாயி)

பதில்: புல் குடும்பம், ஆனால் தூரத்துப் பங்காளி. மூங்கில்கூட நெல்லுக்கு அதைவிட நெருக்கம் ஐயா. அது நெல் வேஷம் போட்டதில் நம் கைக்கும் பங்கு உண்டு: வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கினோம், நெல் மாதிரி நிமிர்ந்து நின்றது தப்பி விதை போட்டது. சீனாவின் யாங்சி ஆற்றுச் சமவெளியில், இந்த வேஷம் சுமார் 1000 வருடத்துக்கு முன்னால் தொடங்கியது என்று 2019-ல் மரபணுவை வைத்தே கணக்கிட்டார்கள். சந்தேகமாக இருந்தால் இலை தண்டை விட்டு விலகுகிற இடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வு நிற்கும், குதிரைவாலிக்கு மொழுக்கென்று இருக்கும். மொழுக்கென்று இருந்தால் பிடுங்கிவிடுங்கள்.