மேப்புல சிவப்பு காட்டுற எடத்துல வண்டல் கெடக்கே, ஏன்?

களக்காடு பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காங்க. பொத்தை அடிவாரத்துல 4 ஏக்கர் செம்மண் காடு, ஐப்பசி கார்த்திகை மழைக்கு மேல உள்ள மண்ணெல்லாம் கரைஞ்சு ஓடுது, காலேஜ் படிக்கிற மக க்யூஜிஐஎஸ்-ங்கிற இலவச மேப்பு சாஃப்ட்வேர்ல மண் அரிப்பு மேப்பு போட்டு குடுத்திருக்கா, அதுல கீழ்மூலை அடர் சிவப்பா இருக்கு, நேர்ல பாத்தா அங்கன முழங்கால் அளவு வண்டல் கெடக்கு, எதை நம்பி எங்க வரப்பு போடன்னு.

அண்ணாச்சி, உங்க கண்ணை நம்புங்க. பாப்பா தப்பு பண்ணல, ஃபார்முலாவோட சங்கதி அப்படி. அந்த ஃபார்முலா பேரு ஆர்யூஎஸ்எல்இ, மழை, மண்ணு, சரிவு, பயிர், வரப்புன்னு எல்லாத்தையும் பெருக்கி வருசத்துக்கு எவ்வளவு மண்ணு அரிச்சு போகும்னு சொல்றது. அமெரிக்காவுல 22.13 மீட்டர் நீளம், 9 சதவீத சரிவுள்ள பாத்திய அளவுகோலா வச்சு உண்டாக்குனது. அதுக்கு மண்ணு கெளம்புறது தெரியும், எறங்குறது தெரியாது. கீழ போகப்போக தண்ணி சேருதுல்லா, அதனால எண்ணும் ஏறிக்கிட்டே போகும், கீழ்மூலை சிவந்துரும்.

குளம் நெறஞ்சு மறுகால் பாயும்போது பாத்திருப்பீங்க, நெருக்கி வர்ற வரைக்கும் தண்ணி மண்ண இழுத்துட்டு வரும், கீழ விரிஞ்சு படுத்ததும் மணலை போட்டுட்டு தெளிஞ்சு போயிரும். இந்த கணக்கை பிடிக்கிறது யூஎஸ்பிஇடி-ன்னு இன்னொரு மாடல். மேப்போட ஒவ்வொரு கட்டத்துலயும் தண்ணி எவ்வளவு மண்ணு சுமக்க முடியும்னு பாத்து, அது கூடுற எடம் அரிப்பு, கொறையுற எடம் படிவுன்னு பிரிக்கும். க்யூஜிஐஎஸ் கூடவே வர்ற கிராஸ் டூல்ஸ்ல பாப்பாவே போட்டுக்கிடலாம். டன் கணக்கை மட்டும் நம்பாதீங்க, அரிப்பா படிவான்னு பாத்தா போதும்.

ஆனா ஒண்ணு, சரிவு கணக்கு போட இலவசமா கெடைக்கிற உயர மேப்புல ஒரு கட்டம் 30 மீட்டர், உங்க 4 ஏக்கரும் சேந்து மொத்தம் 18 கட்டம்தான். 18 புள்ளி கோலத்துல வரப்பு எங்க தெரியும்? அதுலயும் எஸ்ஆர்டிஎம்-ங்கிற உயர மேப்புன்னா 2000 பிப்ரவரியில விண்கலத்துல இருந்து ரேடார் வச்சு எடுத்தது, பொறவு நீங்க ஜேசிபி விட்டு மட்டம் பண்ணிருந்தா அது அதுக்கு தெரியாது, ரேடார் தண்ணிக்கு கீழயும் பாக்காது, அதனால குளம் நெறஞ்சு கெடந்தா வெறும் தட்டையாதான் இருக்கும். உங்க குளத்துக்கு எந்த ஓடை வழியா மண்ணு வருதுன்னு பாக்க இது சரி, ஒரு வயக்காட்டுக்கு ஆகாது. ட்ரோன் வச்சு எடுக்கலாம், எனக்கென்னவோ அந்த காசுக்கு ரெண்டு வரப்பே போட்டுரலாம்னு தோணுது.

புரட்டாசி கடைசில மேல இருந்து கீழ வரைக்கும் இருபது கம்பி அடிங்க, மண்ணு மட்டத்துல பெயிண்டால ஒரு கோடு. தை மாசம் போய் பாருங்க. கோடு மேல நிக்குற எடம் மண்ணு போன எடம், கோடு பொதைஞ்ச எடம் வந்த எடம். காட்டுல பழைய பனை நிக்குதா? மூட்டுல வேரு வெளிய தெரிஞ்சா அதுவே பழைய கணக்கு. வரப்பை கீழ்மூலையில போடாதீங்க, மண்ணு கெளம்ப ஆரம்பிக்கிற நடுச்சரிவுல, ட்யூப் லெவல் பிடிச்சு, சரிவுக்கு குறுக்க போடுங்க. 2023 டிசம்பர் 17, 18-ல நம்ம பக்கம் பேஞ்ச மாதிரி ஒரு மழை எந்த வருசாந்திர சராசரியிலயும் அடங்காது, அதனால ஒரு ஓரத்துல கல்லு அடுக்கி தண்ணி வழிய வாய் விட்டுருங்க, இல்லன்னா வரப்பு ஒடைஞ்சு ஒரே ராத்திரில ஓடை விழுந்துரும்.