குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த பெட்ரோல் புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கடையில் சொல்வதுபோல் கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா? அடுத்த குளிருக்கு எப்படி எடுத்து வைப்பது?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர், அதை மாற்றுவது கடைசி வேலை. முதலில் மெஷினுக்குள் கிடக்கும் பழைய பெட்ரோலை வெளியே எடுங்கள். அக்டோபர் கடைசியில் நன்றாக ஓடியது, நடுவில் யாரும் தொடவில்லை, மே மாதம் கை வலிக்கக் கயிறு இழுத்தும் எழும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சும்மா நின்ற மெஷினில் தேய்வதற்கு ஒன்றும் கிடையாது, கெட்டுப்போவது பெரும்பாலும் பெட்ரோல்தான்.

நானும் டொராண்டோ பக்கம்தான். இங்கே பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் ஏறக்குறைய 10 சதவீதம் எத்தனால் இருக்கும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கிவிடும், எஞ்சினுக்குக் குழாய் போவதும் அந்த அடியிலிருந்துதான். அது போதாதென்று, பெட்ரோலில் சட்டென்று பற்றக்கூடிய லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசின் மாதிரி ஆகி, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையை அடைத்துவிடும். அந்தத் துளை பொதுவாக ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எஞ்சின் செய்யும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன்காரர்களே பெட்ரோல் 30 நாளில் பழசாகிவிடும் என்கிறார்கள், நீங்கள் ஆறு மாதம் விட்டிருக்கிறீர்கள்.

சரி, பெட்ரோல்தான் காரணமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகப் புது பெட்ரோல் விடுங்கள், வெளியே சிந்தியதைத் துடைத்து உலரவிட்டு, பிளக்கை மாட்டி, கயிற்றை இழுங்கள். இரண்டு மூன்று வினாடி உறுமிவிட்டு நின்றுவிட்டால் உங்களுக்கு நல்ல செய்தி: ஸ்பார்க் வருகிறது, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்) இருக்கிறது, கார்புரேட்டர் வழியாக பெட்ரோல் மட்டும் வரவில்லை. ஒரு இருமல்கூட இல்லையென்றால் பிளக்கைப் பாருங்கள், கருத்துப் போயிருந்தால் புதிதே வாங்கிவிடலாம், விலை ஒன்றும் பெரிதில்லை (பிரிக்ஸ் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் பிளக் முனையில் 0.76 மில்லிமீட்டர் இடைவெளி). பலரும் கவனிக்காத இன்னொன்று, கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் அந்தக் கம்பி. அதை விட்டால் எஞ்சின் நிற்க வேண்டும் என்பதற்காக ஸ்பார்க்கையே அது துண்டித்துவிடும், அதன் கேபிள் தளர்ந்திருந்தால் நீங்கள் இறுக்கிப் பிடித்திருந்தாலும் ஸ்பார்க் வராது.

இனி கார்புரேட்டர். முதலில் பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள், பிளேடு பக்கம் கை போகிற எந்த வேலைக்கும் இதுதான் முதல் படி. டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டருக்குக் கீழே தொங்கும் சின்னக் கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்றுங்கள், நிறைய மாடல்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும். உள்ளே இருப்பது வார்னிஷ் வாடை அடித்தால் திருடன் பிடிபட்டான். சில மாடல்களில் அந்த போல்ட்டிலேயே ஜெட் துளை இருக்கும், மற்றவற்றில் மேலே நடுக்குழாய்க்குள் இருக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, பழைய வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியை மெதுவாக விட்டு எடுங்கள். ஊசி, டிரில் பிட் எல்லாம் வேண்டாம், துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் அந்த எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். கிண்ணத்தின் ரப்பர் வளையம் கிளீனர் பட்டால் ஊதிப்போகும், அதைத் தள்ளி வைத்துவிட்டு அடியுங்கள். எல்லாம் மாட்டிப் புது பெட்ரோல் ஊற்றியும், சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறதென்றால் அடைப்பு இன்னும் பாதி இருக்கிறது என்று அர்த்தம், இன்னொரு தடவை திறக்க வேண்டியதுதான். அதற்கும் மசியாவிட்டால் கார்புரேட்டரை மாற்றுங்கள், அப்போது கடைக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை.

பெட்ரோலுக்குச் சம்பந்தமில்லாத கோளாறுகளும் உண்டு. போன சீசனில் பிளேடு மரவேரிலோ கல்லிலோ மோதி நின்றதா, அதற்குப் பிறகு கயிறு கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறதா? அப்படியானால் ஃப்ளைவீல் சாவி, அதாவது எஞ்சினின் சுழல்சக்கரத்தை அதன் தண்டோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டு, நசுங்கியிருக்கும். பெரிய பாகங்கள் உடையாமல் இருக்க வேண்டுமென்றே அதை மெத்தென்ற உலோகத்தில் செய்திருப்பார்கள், அது கொஞ்சம் நகர்ந்தாலும் ஸ்பார்க் விழ வேண்டிய டைமிங் போய்விடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு நின்றால் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம். சாய்த்து வைத்த பிறகு வெள்ளைப் புகை வந்தால் பயப்படாதீர்கள், சிலிண்டருக்குள் போன ஆயில் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். எப்போது சாய்த்தாலும் ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும்.

எடுத்து வைப்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி டேங்கை நிறையப் புது பெட்ரோல் ஊற்றி, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்புரேட்டர் வரை போகும்படி சில நிமிடம் ஓட்டி நிறுத்தச் சொல்லும். தப்பில்லை, ஆனால் ஏற்கெனவே பழசான பெட்ரோலில் ஸ்டெபிலைசரை ஊற்றிப் பயனில்லை. நான் இன்னொரு கட்சி: டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கிண்ணத்தில் தங்கிய கடைசிச் சொட்டையும் வடித்துவிடுவேன். பெட்ரோலே இல்லாவிட்டால் பிசின் எங்கிருந்து வரும்?

அந்தச் சூட்டோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள், பழைய ஆயிலிலுள்ள அமிலம் குளிர் முழுக்க உள்ளே ஊற வேண்டாம். பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக ஓரிரு முறை இழுத்தால் சிலிண்டர் சுவரில் துரு ஏறாது. அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் அந்த ஈரமே தகட்டைத் தின்றுவிடும். வசந்தத்தில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது எலிக்கூடு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இங்கே அது சகஜம்.

பெட்ரோல் உள்ள மோவரையோ கேனையோ பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் அந்தச் சுடரைத் தொட்டுவிடும். இப்போது வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாதீர்கள், காரிலும் வேண்டாம். மூடியுள்ள கேனில் வைத்து நகராட்சியின் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.